மூக்கு நுனிக்கு ஒரு கண்

மின்கார் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் ரேஞ்ச் எவ்வளவு, பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும், சார்ஜ் ஏற எவ்வளவு நேரமாகும் என்று வரிசையாகக் கேட்பார்கள். சார்ஜ் போடுகிற இடம் வண்டியில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஓட்டிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், அதையும் கேளுங்கள். தினசரி வண்டியை எப்படி நிறுத்துவீர்கள் என்பதை அது ஒன்றுதான் முடிவு செய்யும்.

என்னுடையது ஹூண்டாய் கோனா. 2019 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தது, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலையில் பூட்டியது. நான் இரண்டாவது கை. 39.2 யூனிட் கொள்கிற பேட்டரி. என் ஓட்டத்துக்கு ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் சுமாராகக் கிடைக்கிறது. இந்த வண்டியில் சார்ஜ் மூடி பின்பக்கவாட்டில், பெட்ரோல் கார்களில் இருக்கும் இடத்தில் இல்லை. நேர் முன்னால், மூக்கில் இருக்கிறது. எம்ஜி இசட்எஸ் இவி, நிசான் லீஃப் இரண்டுக்கும் அப்படித்தான்.

முன்னால் இருப்பதில் சௌகரியம் உண்டு. இடது வலது என்று பார்க்க வேண்டாம், எந்தப் பக்கம் கம்பம் இருந்தாலும் கேபிள் எட்டும். ஆனால் ஒரு நிபந்தனை: நேராக மூக்கை விட்டு உள்ளே போக வேண்டும். ரிவர்ஸ் எடுத்து நிறுத்துகிற பழக்கம் இங்கே உதவாது. வேகமாக ஏற்றும் டிசி சார்ஜரின் கேபிளைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கனம் அதிகம், வளையாது, இழுத்த இழுப்புக்கு வராது. அதனால் சார்ஜருக்கு ஓர் அடி, ஒன்றரை அடி பக்கத்தில் போய் நின்றால்தான் நிம்மதி. அந்த ஒன்றரை அடிக்குள் என்னென்ன இருக்கும்? சார்ஜரைக் காப்பாற்ற நட்ட மஞ்சள் இரும்புக் குழாய், முழங்கால் உயரம்கூட இருக்காது. சிமென்ட் திண்டு. மால் பேஸ்மென்ட்டில் என்றால் தூணோடு ஒட்டிய சார்ஜர், அதற்குக் கீழே யாரோ சுருட்டி வைக்காமல் விட்டுப்போன கேபிள். இவற்றில் ஒன்றுகூட ஓட்டுநர் சீட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

எவ்வளவு தெரியாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்தோம். நீங்களும் உங்கள் காரில் செய்து பாருங்கள், செலவே இல்லை. நான் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். மகள் ஒரு பிளாஸ்டிக் குடத்தை பம்பரை ஒட்டி வைத்துவிட்டு, நான் கை காட்டும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வண்டியிலிருந்து தள்ளி நகர்த்திக்கொண்டே போனாள். குடத்தின் வாய் என் கண்ணில் பட்டபோது பம்பருக்கும் குடத்துக்கும் நடுவே ஆறடிக்கு மேல் இருந்தது. தரையே தெரிய வேண்டுமென்றால் இன்னும் அதே அளவு தள்ளிப் போக வேண்டும். "அப்பா, நான் உக்காந்தா தெரியறேனா?" என்று அவள் பம்பருக்கு முன்னால் குந்தினாள். தெரியவில்லை. அவளுக்கு வயது பதினொன்று.

இது கோனாவின் குறை இல்லை. கணக்கு எளிது. கண் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் இருக்கிறது, பானட்டின் விளிம்பு மூன்றடிக்கு மேல். கண்ணிலிருந்து அந்த விளிம்பைத் தொட்டு ஒரு கோடு இழுத்தால் அது வெகு தூரம் போய்த்தான் தரையைத் தொடும். கோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் இருட்டு. பானட் உயர உயர இருட்டு நீளும். இன்று நம் ஊரில் விற்கிற எஸ்யூவிகள் எல்லாமே உயர்ந்த பானட்காரர்கள்தான்.

பின்பக்கத்தைப் பற்றி உலகம் கவலைப்பட்டு, சட்டமே போட்டுவிட்டது. அமெரிக்காவில் 2002இல் கேமரன் கல்பிரான்சன் என்ற இரண்டு வயதுக் குழந்தை, தன் அப்பா வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுத்த வண்டியின் அடியில் சிக்கி இறந்துபோனான். அப்பா குழந்தைகள் மருத்துவர். அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2008இல் சட்டம் வந்தது. 2018 மே மாதத்திலிருந்து அங்கே விற்கும் ஒவ்வொரு புதுக் காருக்கும் பின் கேமரா கட்டாயம். வண்டிக்குப் பின்னால் பத்தடி அகலம், இருபதடி நீளம் திரையில் தெரிந்தாக வேண்டும். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் பின்பக்க சென்சார் கட்டாயம். முன்பக்கத்துக்கு? ஐரோப்பாவில் லாரிக்கும் பஸ்ஸுக்கும், கிளம்பும்போது மூக்குக்கு முன்னால் ஆள் இருந்தால் எச்சரிக்கும் கருவி வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. கார்களின் முன்பக்கத்தை ஓட்டுநரின் கண்ணை நம்பி விட்டிருக்கிறார்கள். குடம் வைத்துப் பார்த்த பிறகு எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அதனால் முன்னால் ஒரு கேமரா மாட்டிக்கொண்டேன்.

மின்காரில் இன்னொரு விஷயமும் சேர்கிறது. சத்தம். பெட்ரோல் வண்டியை ஸ்டார்ட் செய்தால் அடியில் படுத்திருக்கும் நாய் எழுந்து போகும், தூணுக்குப் பின்னால் ஒளிந்து விளையாடும் பிள்ளைகள் ஒதுங்குவார்கள். மின்கார் கிளம்பியது அவர்களுக்குத் தெரியாது. இதற்காகவே மெதுவாகப் போகும்போது செயற்கையாக ஒலி எழுப்பும் கருவி ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் எல்லாப் புது மின்காருக்கும் கட்டாயம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஜெனரேட்டர் ஓடும் பேஸ்மென்ட்டில், தண்ணீர் லாரி நிற்கும் தெருவில், அந்த ஒலி எந்தக் காதுக்கு எட்டும்? எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் குறைந்தது எட்டுப் பத்துப் பிள்ளைகள் கார்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு என் வண்டி கேட்காது என்றால், எனக்காவது அவர்கள் தெரிய வேண்டும். முன் கேமரா மாட்டியது பம்பரைக் காப்பாற்ற மட்டும் இல்லை.

சென்சார் போதாதா என்று கேட்பீர்கள். முன்பக்கம் நாலு சென்சார் பதித்துக் கொடுக்கிறார்கள், தெரியும். சென்சார் ஒலியலையை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. சுவருக்குச் சரி. மெல்லிய கம்பி, தரையோடு ஒட்டிய திண்டு, சுருண்டு கிடக்கும் கேபிள் ஆகியவற்றிலிருந்து எதிரொலி சரியாகத் திரும்பாது. அதோடு பீப் சத்தம் ஏதோ இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். இருப்பது சுவரா பிள்ளையா என்று சொல்லாது.

சரி, மாட்டிய கதைக்கு வருகிறேன்.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் முதலில் விசாரித்த கடையில், "கம்பெனி ஸ்கிரீன்லயே வர வெச்சிரலாம் சார், ரிவர்ஸ் வயர்ல ஒரு டேப் அடிச்சா முடிஞ்சுது" என்றார்கள். பெட்ரோல் காரில் இது பல காலமாக நடக்கிற வேலை. கம்பெனித் திரை ரிவர்ஸ் கியர் விழுந்தால்தான் கேமராப் படத்தைக் காட்டும். ஆகவே ரிவர்ஸ் விழுந்ததாகத் திரைக்குப் பொய் சொல்லி முன் கேமராவைக் காட்ட வைப்பது. என் வண்டியில் ரிவர்ஸ் என்பது பல்சக்கரம் மாறுகிற விவகாரமே இல்லை. 'ஆர்' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் தகவல் கணினிகளுக்கு நடுவே ஓடுகிறது, மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறது. அந்தத் தகவல் பாதையில் வெளி வயரை நுழைத்துப் பொய் பேச வைப்பதை நான் எந்தக் காரிலும் ஏற்கமாட்டேன், மின்காரில் நிச்சயமாக ஏற்கமாட்டேன். முன்னே போகிற வண்டி பின்னே போவதாக ஒரு பெட்டி நினைத்துக்கொண்டால் அது வேறு எந்தப் பெட்டிக்கு என்ன சொல்லும் என்று கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தனித் திரை, தனிக் கேமரா, தனி பட்டன் என்று முடிவு செய்தேன். கம்பெனி வயர் ஒன்றைக்கூட வெட்டக் கூடாது. நாளைக்கே கழற்றினாலும் வண்டி பழையபடி இருக்க வேண்டும்.

கேமரா வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் ரிவர்ஸ் கேமராக்கள். கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாற்றித்தான் படம் கொடுக்கும், பின்னால் பார்க்க அதுதான் சரி. அதையே முன்னால் மாட்டினால் இடப்பக்கத் தூண் திரையில் வலப்பக்கம் தெரியும். ஆபத்து. நிறைய கேமராக்களின் வயரில் சின்னதாக இரண்டு வளையங்கள் தொங்கும். ஒன்றை வெட்டினால் படம் நேராகும், இன்னொன்றை வெட்டினால் திரையில் விழும் வழிகாட்டிக் கோடுகள் போய்விடும். எது எதற்கு என்று அட்டையில் எழுதியிருக்கும், படித்துவிட்டு வெட்டுங்கள். மாட்டிய பிறகு ஒருவரை வண்டிக்கு முன்னால் நிற்க வைத்து வலது கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். அவர் நம்மைப் பார்த்து நிற்பதால் அந்தக் கை நமக்கு இடப்பக்கம் இருக்கும். திரையிலும் அதே பக்கம் தூக்கினால் சரி.

வழிகாட்டிக் கோடுகளை நான் எடுத்துவிட்டேன். அவை பின்பக்கத்துக்காக, ஏதோ ஓர் உயரத்தைக் கணக்குப் போட்டு வரைந்தவை. என் பம்பரின் உயரம் அவற்றுக்குத் தெரியாது. அதற்குப் பதிலாகத் தரையில் சாக்பீஸால் ஓர் அடி, இரண்டு அடி, மூன்று அடிக்குக் கோடு போட்டு, திரையில் அந்தக் கோடுகள் எங்கே விழுகின்றனவோ அங்கே மெல்லிய வண்ண டேப்பைக் கிழித்து ஒட்டினேன். இந்த வேலைக்கு அரை மணி நேரம்தான் ஆனது. மொத்தக் காரியத்தில் இவ்வளவு பயன் தருவது வேறெதுவும் இல்லை. அகலக் கோணக் கேமராவில் பக்கத்தில் இருப்பதெல்லாம் தள்ளி இருப்பது போலத் தெரியும். டேப் அந்த ஏமாற்றத்தைச் சரிசெய்கிறது.

எங்கே மாட்டுவது? கோனாவின் முகத்தில் பழைய கார்களைப் போலக் காற்று நுழையும் ஜன்னல் கிடையாது, மூடிய முகம். நடுவில் இடம் தேடினால் நம்பர் பிளேட்தான். பிளேட்டோடு சேர்ந்த கேமராச் சட்டம் ஒன்று விற்கிறார்கள். வேண்டாம் என்றேன். நம் பிளேட் இப்போது உயர் பாதுகாப்புப் பிளேட், கழற்ற முடியாத பூட்டாணியில் நிற்பது. அதை உடைத்து மாட்டுவதும், பச்சைப் பிளேட்டில் ஓர் எழுத்தையோ ஓரத்து ஹாலோகிராமையோ கேமரா மறைப்பதும் சட்டப்படி தப்பு. பிளேட்டுக்கு மேலே, பம்பரின் பிளாஸ்டிக் மடிப்புக்குள் ஒரு சிறு தாங்கி வைத்துப் பொருத்தினோம். சார்ஜ் மூடி திறந்து மூடுகிற வழியில் குறுக்கே வராத இடம். கேமரா லேசாகக் கீழே பார்க்கிறது, திரையின் அடியில் பம்பரின் விளிம்பு ஒரு விரல் அளவு தெரிகிறது. அந்த விளிம்பு தெரிந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எதிலிருந்து எவ்வளவு தூரம் என்று கண்ணுக்குப் பிடி கிடைக்காது.

வயரிங் வேலைக்கு எங்கள் பகுதியில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார், பேட்டரி ஆட்டோக்களைப் பார்த்துப் பழகியவர். பானட்டைத் திறந்ததும் அவர் செய்த முதல் வேலை, ஆரஞ்சு நிற வயர்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தது. "சார், இந்த கலர் இருக்கற பக்கம் நம்ம கை போகக் கூடாது. டேப் சுத்தறதுக்குக்கூட இது மேல கட்டக் கூடாது" என்றார். எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது. ஆரஞ்சில் ஓடுவது 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரம். தொட்டால் ஆள் போய்விடும். நமக்கு வேண்டியது 12 வோல்ட் மட்டும். மின்காரிலும் பழைய மாதிரி சின்ன பேட்டரி ஒன்று இருக்கிறது. விளக்கு, ஹாரன், பூட்டு எல்லாம் அதில்தான். பெரிய பேட்டரி ஒரு மாற்றி வழியாக அதைச் சார்ஜ் செய்கிறது.

அந்தச் சின்ன பேட்டரியை லேசாக நினைக்க வேண்டாம். பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கிற ரிலே மூடுவதற்கே 12 வோல்ட் வேண்டும். சின்னது இறங்கிவிட்டால், பெரியதில் முப்பது யூனிட் இருந்தாலும் வண்டி கிளம்பாது. வண்டி தூங்கும்போதும் சின்னதுக்கு அவ்வப்போது ஊட்டுகிற வசதி சில கார்களில் இருக்கிறது. அதை நம்பி, எப்போதும் உயிரோடு இருக்கும் ஃபியூஸில் கேமராவை இணைப்பது சரியில்லை. வண்டியை ஆன் செய்தால் மட்டும் உயிர் வரும் ஃபியூஸாகப் பார்க்க வேண்டும். ஓட்டுநர் பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஃபியூஸ் பாக்ஸில், 12 வோல்ட் சாக்கெட்டுக்கான ஃபியூஸை எடுத்து அங்கே ஃபியூஸ் டேப் என்கிற கிளை இணைப்பியைச் செருகினோம். அதில் இரண்டு குழி: ஒன்றில் பழைய ஃபியூஸ், இன்னொன்றில் நம் வேலைக்கு 2 ஆம்பியர். வண்டியை அணைத்துப் பூட்டிச் சிறிது நேரம் கழித்து மல்டிமீட்டரை வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டியது.

ரேஞ்ச் குறையுமா என்று என் தம்பி கேட்டான். கேமராவும் ஐந்து அங்குலத் திரையும் சேர்ந்து ஏழு வாட் சுமார். ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தாலும் ஐம்பது மீட்டர் ஓட்டத்துக்கான மின்சாரம்தான்.

வயரை நிரந்தரமாகக் கட்டுவதற்கு முன் சும்மா மேலாகப் போட்டுப் படத்தைப் பார்த்தோம். இது எலக்ட்ரீஷியன் அண்ணனின் யோசனை. ஏசியைப் போட்டதும் திரையில் மெல்லிய கோடுகள் ஊர்ந்தன. மின்காரில் ஏசி கம்ப்ரஸரை ஓட்டுவதும் உயர் அழுத்த மின்சாரம்தான், அதன் இரைச்சல் பக்கத்தில் போகும் வீடியோ வயரில் ஏறிவிடுகிறது. வயரை எதிர்ப் பக்கத்துக்கு மாற்றி, ஆரஞ்சைத் தாண்ட வேண்டிய ஓரிடத்தில் இடைவெளி விட்டுச் செங்குத்தாகத் தாண்டச் செய்தார். கோடுகள் மறைந்தன. பிறகு நெளிக்குழாய் மாட்டி, ஃபயர்வாலில் ஏற்கெனவே இருக்கும் ரப்பர் கிராமெட் வழியாக உள்ளே இழுத்தார். பம்பருக்குள் வரும் இணைப்பைக் கிரீஸ் தடவி, சுருங்கும் உறை போட்டு, வாய் கீழே பார்க்கும்படி கட்டினார். ஐப்பசி கார்த்திகையில் சென்னைத் தெருவில் தண்ணீர் எந்த உயரத்துக்கு நிற்கும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

திரை வைத்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏர்பேக் வெடித்து வெளியே வரும் மூடியின் மேல் எதையும் ஒட்டாதீர்கள், கண்ணாடி ஓரத் தூணுக்குள்ளும் வயரைத் திணிக்காதீர்கள், அங்கேயும் ஏர்பேக் மடித்து வைத்திருக்கும். எங்களுடையது நடுவில், சாலையை மறைக்காத உயரத்தில் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் படம் வரும், ஒரு நிமிடத்தில் டைமர் ரிலே தானே அணைத்துவிடும். ஓடும்போது கண் அங்கே போகக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ரிலே. திரை, கேமரா, ரிலே, கூலி எல்லாம் சேர்ந்து 7,000 ரூபாய்க்குள் முடிந்தது. வேலைக்கு முன்பே சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டுக்கொண்டேன், காப்பீட்டிலும் மின் உபகரணம் என்று சேர்த்துவிட்டேன். இரண்டையும் நீங்களும் செய்யுங்கள்.

இப்போது சார்ஜருக்குப் போனால் மஞ்சள் குழாய் தெரிகிறது, திண்டு தெரிகிறது, ஓரடி டேப்பைத் தொட்டதும் நிறுத்துகிறேன். என் மனைவி முன்பெல்லாம் நெடுஞ்சாலைச் சார்ஜரில் இறங்கி நின்று "வாங்க, வாங்க, போதும்" என்று சொல்வாள். இப்போது அவளே ஓட்டிக்கொண்டு போய்த் தனியாகச் சார்ஜ் போட்டு வருகிறாள். பேஸ்மென்ட்டிலிருந்து கிளம்பும்போது இருவரும் முதலில் பட்டனை அழுத்துகிறோம். படத்தில் தரை காலியாக இருந்தால்தான் பிரேக்கிலிருந்து கால் எடுப்பது.

குறைகளும் இருக்கின்றன. மழையில் லென்ஸில் துளி நின்றால் படம் கலங்கும், துடைக்க இறங்கத்தான் வேண்டும். இருட்டில் ஹெட்லைட் இல்லாமல் புள்ளி புள்ளியாகத் தெரியும். பம்பரின் இரு முனைகளும் சரியாகத் தெரிவதில்லை, தூணை ஒட்டித் திரும்பும்போது இன்னும் கண்ணாடியைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நாலு கேமரா வைத்து மேலிருந்து பார்ப்பது போலக் காட்டும் செட் மாட்டலாமே என்று சிலர் சொன்னார்கள். அதற்குப் பக்கக் கண்ணாடிகளைப் பிரித்து, கதவுகளுக்குள் வயர் ஓட்டி, கம்பெனித் திரையையே மாற்ற வேண்டும். புது வண்டி வாங்குகிறவர்கள் அது கம்பெனியிலிருந்தே வருகிற மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுங்கள், தகும். பழைய வண்டிக்கு ஒரு கேமரா போதும்.

சார்ஜர் நிலையம் அமைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். முன்சக்கரம் முட்டி நிற்கிற திண்டை, சார்ஜரிலிருந்து கார் மூக்கின் நீளத்தையும் கணக்கில் சேர்த்துத் தள்ளிப் போடுங்கள். காப்புக் குழாயை இடுப்பு உயரத்துக்கு நடுங்கள், அது பானட்டுக்கு மேல் தலை நீட்டிக்கொண்டு நிற்கும். கேமரா இல்லாத வண்டிக்காரர்கள்தான் இன்னும் நிறைய.